ஆடும் பல்லுக்கு அவசரத் தீர்ப்பு

"ஈறு போயிடுச்சும்மா, எலும்பும் கரைஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணினாலும் ரெண்டு வருஷம் தாங்காது. எடுத்துட்டு இம்ப்ளான்ட் போட்டுக்கோங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் கவலை இல்லை."

ஐம்பதைத் தொட்ட, கொஞ்சம் சர்க்கரை இருக்கிற, கீழ்வரிசையில் இரண்டு பல் ஆடுகிற யாராக இருந்தாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் பல் மருத்துவமனையிலிருந்து வெளியே வருவது அபூர்வம். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் எதிர்த்துக் கேட்கவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் மருமகன் அதையே வேறு குரலில் சொல்வார்: "ஆடுற பல்லை வெச்சுக்கிட்டு என்ன மாமா பண்ணப் போறீங்க?" தெருமுனைப் பலகையில் மூன்றே நாளில் நிலையான பல் என்று ஒரு சிரித்த முகம். ஆக, டாக்டர், குடும்பம், விளம்பரம் மூன்றும் ஒரே தீர்ப்பைச் சொல்லும்போது நோயாளி தலையாட்டிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பு தவறு என்பதுதான் என் வாதம். ஈறு அறுவை சிகிச்சை நிலைக்காது என்பது இருபதாண்டு ஆய்வுகளுக்கு நேர் எதிரான பேச்சு. இம்ப்ளான்ட் நிரந்தரம் என்பது பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் முழு விலைக்கு விற்கிறார்கள். எல்லா ஆடும் பல்லையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் காப்பாற்றலாம், எதை முடியாது என்று பார்ப்பதற்கு முன்பே பிடுங்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

முதலில், இந்த நோயைப் பற்றி நம் ஊரில் இருக்கும் விதிவாதத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டும். வயதானால் பல் ஆடத்தான் செய்யும், அப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு, க்ளீன் பண்ணினால் உள்ள பல்லும் ஆடிவிடும். இந்தக் கடைசி நம்பிக்கைக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. வருஷக்கணக்கில் படிந்து இறுகிய காரை, சேறு அப்பிய முளைக்குச்சியைப் போலப் பல்லைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கும். சுரண்டியதும் ஆட்டம் தெரிகிறது, பழி ஸ்கேலிங் செய்தவர்மேல் விழுகிறது. ஆட்டத்துக்குக் காரணம் அந்தக் காரைக்கு அடியில் ஏற்கெனவே போய்விட்ட எலும்பு.

வயசுதான் காரணம் என்பதை உடைத்த சான்று தமிழர்களின் வாயிலிருந்தே கிடைத்தது. ஆனால் இந்தக் கதை தமிழில் அதிகம் சொல்லப்படவில்லை. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ விஞ்ஞானி, பல் பராமரிப்பே கிடைக்காதவர்களுக்கு ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று அறிய விரும்பினார். ஒருபக்கம் ஆஸ்லோவின் மாணவர்களும் படித்த வர்க்கமும். மறுபக்கம், 1970இல், இலங்கை மலையகத்தின் டன்சினன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 தமிழ் ஆண்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத அவர்களை 1985 வரை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். முடிவு 1986இல் வெளிவந்தது. எல்லார் வாயிலும் ஒரேபோல அழுக்கும் காரையும் ரத்தக் கசிவும் இருந்தும், 8 விழுக்காட்டினருக்கு மட்டும் நோய் வெறிகொண்டு ஓடியது. நாற்பத்தைந்து வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக வளர்ந்தது. மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

பதினைந்து ஆண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்களே, ஒரு பிரஷ்ஷாவது வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அந்தக் கேள்வி தொண்டையில் நிற்கிறது. கூலி வேலை செய்யும் தமிழனின் வாய் உலகப் பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்த வழி அது. 2010இல் மறுபடி தேடிப் போனபோது சோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர். அவர்கள் கொடுத்த பாடத்தையாவது நாம் சரியாகப் படிக்க வேண்டும். வயது ஒன்றே பல்லைப் பிடுங்குவதில்லை. அழுக்கு ஒன்றும் தனியாகப் பிடுங்குவதில்லை. ஆளுக்கு ஆள் உடம்பின் எதிர்வினை மாறுகிறது, ஒரே வாயில் பல்லுக்குப் பல்லும் மாறுகிறது. எனவே ஈறு நோய் என்று ஒரே சொல்லில் வாய் முழுவதற்கும் தீர்ப்பெழுத முடியாது.

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேரின் மேல் சிமென்டம் என்றொரு மெல்லிய படலம், அதற்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத இடைவெளியில் நார்கள். நோய் முற்றும்போது மூன்றும் போகின்றன. பழைய பாணி ஃப்ளாப் சர்ஜரியில் ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, மூடித் தைப்பார்கள். காயம் ஆறும், ஆனால் போன நார் திரும்பாது. ஏன் என்று 1976இல் டொராண்டோவின் ஆன்டனி மெல்ச்சர் ஒரு விளக்கம் சொன்னார்: காயத்துக்குள் எந்தச் செல் முதலில் போய்ச் சேருகிறதோ அதுதான் அங்கே எந்தத் திசு உருவாகும் என்று தீர்மானிக்கிறது. ஈறின் மேல்தோல் மிக வேகமானது. அது வேரை ஒட்டிக் கீழே ஓடி இடத்தைப் பிடித்துவிட்டால், மெதுவாக வரும் நார்ச் செல்லுக்கு இடமில்லை.

ஓடி வரும் தோலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வைத்தால்? ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்டூரே நீமனும் கூட்டாளிகளும் 1982இல் ஒரு மனிதரின் கீழ் முன்பல்லில் அதைச் செய்து பார்த்தார்கள். வடிகட்டித் தாள் ஒன்றைத் தடுப்பாக வைத்துத் தைத்து, மூன்று மாதம் கழித்துப் பல்லைச் சுற்றிய திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புதிய சிமென்டம், அதில் செருகி நிற்கும் புதிய நார்கள். பல் திரும்ப ஊன்ற முடியும் என்பதை நிரூபிக்க அந்தப் பல்லையே எடுக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் இன்னொரு வழி வந்தது. லார்ஸ் ஹாமர்ஸ்ட்ரோமின் ஸ்வீடன் குழு, பல் உருவாகும்போது சுரக்கும் எனாமல் புரதங்களைப் பன்றிக்குட்டிகளின் முளைக்கும் பற்களிலிருந்து பிரித்து ஜெல்லாக்கியது. எம்டோகெய்ன் என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம் கல்லூரிகளில் செலவு குறைந்த வழியாக பி.ஆர்.எஃப். பழகிவிட்டது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, உறைந்த நாரிழையைக் குழியில் வைப்பார்கள். இங்கே ஒரு சின்ன முறைப்பாடு. ஜெல் பன்றியிடமிருந்தும், எலும்புத் தூள் பல சமயம் மாட்டிடமிருந்தும் வருகிறது. சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியர்களும் நிறைந்த ஊரில் இதைச் சொல்லாமலே வாயில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், அதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்கிறார்கள். பயப்படுவதா வேண்டாமா என்பதை நோயாளி முடிவு செய்து கொள்ளட்டும்.

மறு உருவாக்க சிகிச்சை எனப்படும் இது எப்படி நடக்கிறது என்று பலருக்கும் தெரியாது. அதனால்தான் அது ஏதோ ஈறைச் சுரண்டும் வேலை என்று நினைக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் கத்தியின் முனை இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் ஈறு முக்கோணத்தின் அடிவாரத்தில் இறங்கும். அந்த முக்கோணத்தை அறுக்காமல் முழுசாகத் தூக்குவதில்தான் பாதி வெற்றி. அது கிழிந்தால் பின்னால் தையல் பிரியும், தையல் பிரிந்தால் உள்ளே வைத்தது வெளியே வரும். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்த மருத்துவர், வேரின் பக்கவாட்டில் கரும்பச்சையாக ஒட்டியிருக்கும் காரையை ஒவ்வொரு செதிலாக எடுக்கிறார். குழியில் நிறைந்திருக்கும் சிவந்த சதையை க்யூரெட்டால் வழித்தெடுக்கிறார். எலும்பு வெளுப்பாகத் தெரிய வேண்டும், வேர் நெருடக் கூடாது. பிறகு ஜெல்லோ தடுப்புச் சவ்வோ எலும்புத் தூளோ. கடைசியில் முடியைப் போன்ற நூலால், ஈறு ஒன்றையொன்று தொடும் அளவுக்கு மட்டும் இழுத்து, கொஞ்சமும் இறுக்காமல் தையல். ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதே பல்லைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும்.

இப்படிச் செய்த பல் எவ்வளவு காலம் நின்றது? இத்தாலியின் பியர்பாவோலோ கோர்தெல்லினி, மவுரிசியோ தொனெத்தி குழுவினர் 45 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் ஃப்ளாப் சர்ஜரி. இன்னொன்றுக்கு ஃப்ளாப்போடு தடுப்புச் சவ்வு. மூன்றாவது குழுவுக்கு ஈறு முக்கோணத்தைக் காக்கும் நுட்பத்தோடு டைட்டேனியம் பின்னிய சவ்வு. இருபது ஆண்டுக்குப் பின் 41 பேர் தொடர்பில் இருந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. முதல் ஆண்டு முடிவில் கிடைத்த பிடிப்பில், வெறும் ஃப்ளாப் குழு இருபதாம் ஆண்டுக்குள் சராசரியாக 1.7 மில்லிமீட்டரை இழந்திருந்தது. சவ்வுக் குழு அரை மில்லிமீட்டர். டைட்டேனியம் சவ்வுக் குழு 0.1 மில்லிமீட்டர், அதாவது அளவுகோல் பிழைக்குள் அடங்கும் அளவு. ஃப்ளாப் குழுவில்தான் நோய் அடிக்கடி திரும்பியது. மறு சிகிச்சைச் செலவும் அங்கேதான் கூடியது. முதல் நாள் மலிவாக இருந்தது பின்னால் அதிக விலை கேட்டது.

ரெண்டு வருஷம் தாங்காது என்பவர்கள் எந்தச் சிகிச்சையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்று இப்போது ஊகிக்கலாம். அவர்கள் கல்லூரியில் படித்த காலத்தின் ஃப்ளாப் சர்ஜரியை. அதுவும் பராமரிப்பு இல்லாத வாயில்.

"சரி, அது கொஞ்சம் கெட்ட பல். நீங்க சொல்றது தொட்டாலே விழுற பல்லுக்குப் பொருந்துமா?" என்பது அடுத்த கேள்வி. பொருந்துமா என்று அதே குழு நேரடியாகச் சோதித்தது. வேரின் நுனி வரையோ அதற்கும் கீழேயோ பிடிப்பு போய்விட்ட, எந்தப் பாடப்புத்தகமும் நம்பிக்கையற்றது என்று எழுதும் பல் உள்ள 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். 25 பேருக்குப் பல்லை வைத்தே மறு உருவாக்க சிகிச்சை, மற்ற 25 பேருக்குப் பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ். 2011இல் ஐந்தாண்டு முடிவு வந்தபோது சிகிச்சை பெற்ற பற்களில் 92 விழுக்காடு வாயில் இருந்தன. 2020இல் பத்தாண்டு முடிவு வந்தபோது 88 விழுக்காடு.

மறுபக்கம் இம்ப்ளான்ட், பிரிட்ஜ் குழுவில் பத்தாண்டு முடிவில் 100 விழுக்காடும் நின்றன. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மை ஆகாது, பார்த்தீர்களா என்று எதிர்த் தரப்பு இந்த எண்ணைத்தான் காட்டும். ஆனால் அந்த நூறு எதன் நூறு? ஒரு பக்கம், போக வேண்டிய 25 பல்லில் 3 போயின, 22 நின்றன. மறுபக்கம், 25 பல்லும் முதல் நாளே போயின. நின்றது அவற்றின் இடத்தில் வைத்தது. சிக்கல் எதுவும் இல்லாமல் ஓடிய காலத்தைக் கணக்கெடுத்தால் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்தாண்டுச் செலவில் பல்லை வைத்துக்கொண்ட குழுவுக்குத்தான் குறைவு. தோற்ற மூவருக்கும் இம்ப்ளான்ட் என்ற கதவு அப்போதும் திறந்தே இருந்தது. இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குத் திரும்பிப் போகும் வழி கிடையாது.

நம்பிக்கையற்றது என்ற முத்திரையே எவ்வளவு பலவீனமானது என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. நியூயார்க்கின் ஹிர்ஷ்ஃபெல்டும் வாஸர்மனும் 1978இல் 600 நோயாளிகளைச் சராசரியாக 22 ஆண்டு தொடர்ந்த கணக்கை வெளியிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமானவை என்று தொடக்கத்தில் குறித்த இரண்டாயிரத்துச் சொச்சம் பற்களில் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் போனவை 31 விழுக்காடுதான். மறு உருவாக்க நுட்பம் எதுவும் வராத காலத்தின் கணக்கு அது. 1996இல் அமெரிக்காவின் மைக்கேல் மெக்கயர், தன் சொந்த நோயாளிகளின் பற்களுக்குத் தானே எழுதிய முன்கணிப்புகளைச் சோதித்துப் பார்த்தார். நல்ல பல் நல்ல பல்லாகவே இருக்கும் என்பதைத் தவிர மற்றக் கணிப்புகள் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

இனி ஜென்மத்துக்கும் கவலை இல்லை என்ற வாக்கு. இம்ப்ளான்ட் மீது எனக்குப் பகை இல்லை. கோத்தன்பர்க்கில் பிரோனெமார்க் 1965இல் முதல் மனிதருக்கு டைட்டேனியம் பொருத்தியது இருபதாம் நூற்றாண்டுப் பல் மருத்துவத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. பல்லே இல்லாதவருக்கு அது வரம். ஆனால் அதே ஸ்வீடனில் யான் டெர்க்ஸ் குழு, அரசுக் காப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்த நோயாளிகளில் 588 பேரை இம்ப்ளான்ட் வைத்து ஒன்பது ஆண்டுக்குப் பின் சோதித்தது. 2016இல் வந்த முடிவின்படி, 45 விழுக்காட்டினருக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஏதோ ஓர் அளவில் எலும்பரிப்பும் அழற்சியும். 14.5 விழுக்காட்டினருக்கு அது மிதமான, கடுமையான நிலையில். யாருக்கு அதிகம்? ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்களுக்கு.

பல்லைத் தின்ற நோய் பல்லோடு குப்பைத் தொட்டிக்குப் போய்விடுவதில்லை. அதே எச்சில், அதே கிருமி, அதே சர்க்கரை, அதே பீடி, அதே அவசரத் துலக்கல் உள்ள வாயில்தான் திருகாணி இறங்குகிறது. அந்தத் திருகாணிக்கு நார் கிடையாது, எலும்போடு நேராக இறுகி நிற்கிறது. அழற்சி வந்தால் பல்லைச் சுற்றி ஓடுவதைவிட வேகமாக ஓடும், ஆட்டம் தெரிவதற்குள் எலும்பு பெரும்பாலும் போயிருக்கும். பல்லைச் சுற்றிய நோய்க்கு வைத்தியம் தெரிந்த அளவுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றிய நோய்க்கு இன்னும் தெரியாது.

அளவுகோலிலும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. இம்ப்ளான்ட் எலும்பில் நின்றுகொண்டிருந்தாலே வெற்றி என்று எழுதுகிறார்கள், சுற்றிலும் சீழ் வடிந்தாலும். பல்லில் மட்டும் ஈறுக்கும் வேருக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம், அதாவது பாக்கெட், இருந்தால் தோல்வி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இந்த விவாதம் பாதி முடிந்துவிடும்.

பிடுங்கச் சொல்பவர்களிடம் இருக்கும் சாமர்த்தியமான வாதம் எலும்பு வாதம்: "இப்பவே எடுத்தாத்தான் எலும்பு மிஞ்சும். லேட் பண்ணினா இம்ப்ளான்ட் போடவும் எலும்பு இருக்காது." சிகிச்சையே செய்யாமல் விட்டால் இது உண்மைதான். அழற்சியை நிறுத்திய பல்லைச் சுற்றி எலும்பு கரைவதில்லை. மேலே சொன்ன இருபதாண்டுக் கணக்கு அதைத்தானே காட்டுகிறது. அதற்கு மாறாக, எலும்பை உறுதியாகக் கரைக்கும் செயல் பல்லைப் பிடுங்குவதுதான். டென்மார்க்கின் ஷ்ரோப் குழு 2003இல் காட்டியபடி, கடைவாய்ப் பல்லோ முன்கடைவாய்ப் பல்லோ எடுத்த இடத்தில் ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். எலும்பைக் காக்கப் பல்லை எடு என்கிறார்கள், எடுத்தபின் போன எலும்பை ஈடுகட்ட கிராஃப்ட்டுக்குத் தனி பில் போடுகிறார்கள்.

என் பக்கத்து வாதத்தில் ஓட்டை எங்கே என்று எதிராளி கேட்டால், நானே ஓர் இடத்தைக் காட்டுவேன். கோர்தெல்லினி குழுவின் கைகள் சாதாரணக் கைகள் அல்ல. நோயாளிகளும் பொறுக்கியெடுத்தவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தவர்கள். மூலைத்தெரு க்ளினிக்கில் அதே எண் வருமா? வராது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2002இல் தொனெத்தி ஏழு நாடுகளின் 12 மையங்களில் 172 பேரிடம் எனாமல் ஜெல்லைச் சோதித்தார். ஜெல் வைத்தவர்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதல் பலன் கிடைத்தது. ஆனால் மையத்துக்கு மையம் இருந்த வேறுபாடு, ஜெல் இருப்பதற்கும் இல்லாததற்கும் இருந்த வேறுபாட்டைவிடப் பெரிது. டப்பாவில் இருப்பதைவிடக் கையில் இருப்பது முக்கியம் என்று அர்த்தம். ஜெல் விற்கும் கம்பெனிக்கு இது கசக்கும். எனக்கும் வசதியான செய்தி இல்லை.

ஆனாலும் இதிலிருந்து பிடுங்கு என்ற முடிவு எப்படி வரும்? கை தேர்ந்த இதய அறுவை நிபுணர் குறைவு என்பதால் யாரும் பைபாஸ் வேண்டாம் என்பதில்லை, நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஈறு சிகிச்சைக்கென்றே மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று தனித் துறையே இருக்கிறது. படித்து முடித்தவர்களில் பலர் பிழைப்புக்காக இம்ப்ளான்ட் வகுப்புக்குப் போவதுதான் வேடிக்கை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரம் குனிந்து ஒரு பல்லைக் காப்பதற்குத் தர யோசிக்கும் பணத்தை, அரை மணி நேரத்தில் திருகாணி வைப்பதற்கு நாம் தவணையிலாவது தருகிறோம். மருத்துவக் காப்பீடோ பெரும்பாலும் இரண்டுக்கும் தருவதில்லை.

பராமரிப்பு விஷயத்தில் எதிர்த் தரப்பு சொல்வது முழுக்கச் சரி. நம் மக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரமாட்டார்கள் என்கிறார்கள். வராவிட்டால் சிகிச்சை வீண்தான். கோர்தெல்லினி குழு 2004இல் வெளியிட்ட, 175 பேரை 2 முதல் 16 ஆண்டு வரை தொடர்ந்த கணக்கில் 96 விழுக்காடு பற்கள் நின்றன. போன பற்கள் அத்தனையும் புகைபிடிப்பவர்களுடையவை. புகையை விடாதவருக்கு இந்த அறுவை சிகிச்சையைச் செய்வது பணத்தைக் கரியாக்குவதற்குச் சமம் என்றே சொல்வேன். ஆனால் வராத நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தால் மட்டும் அது தன்னைத்தானே துலக்கிக்கொள்ளுமா? பராமரிப்பு இல்லை என்பது இரண்டுக்கும் எதிரான வாதம், ஒன்றுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

தவிர, வரமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறவர் யார்? சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.பி.ஏ.1.சி. பார்க்க வரிசையில் நிற்கும் அதே ஆட்கள்தான் இவர்கள். அதே நாளில் ஈறையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சர்க்கரை டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்த ஹெச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 புள்ளி இறங்குவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு காட்டுகிறது. ஒழுங்காக வந்தால் பலன் என்ன என்பதற்கும் சான்று உண்டு. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பெர் ஆக்ஸெல்சன், எழுபதுகளில் தொடங்கி 30 ஆண்டு சாதாரண மக்களைத் தொடர்ந்து பராமரித்தார். கடைசிவரை இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அத்தனை ஆண்டில் சொத்தைக்கோ ஈறு நோய்க்கோ பறிகொடுத்த பல் 21. பெரிய கருவி எதுவும் இல்லை. துலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வப்போது சுத்தம் செய்தார்கள்.

எங்கே இந்தச் சிகிச்சை பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் விளம்பரக்காரன் ஆவேன். எலும்பு வாய் முழுக்க ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் மறு உருவாக்கத்துக்கு அங்கே வேலையில்லை. வேரை ஒட்டிச் செங்குத்தாகக் குழிந்து, சுற்றிலும் எலும்புச் சுவர் மிஞ்சியிருக்கும் குழிதான் நிரம்பும். சுவர் கூடக்கூட வாய்ப்பு கூடும். கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவே இந்தப் பக்கம் விட்ட கம்பி அந்தப் பக்கம் வந்தால், அதை மூடித்தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். வேர் நெடுக வெடித்த பல்லுக்கும் வைத்தியம் இல்லை. சிகிச்சைக்குப் பின் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதை எலும்பு வளர்ந்துவிட்டது என்று காட்டுவதும் எப்போதும் உண்மையல்ல. உள்ளே கொட்டிய தூளே வெள்ளைதான், வருஷக்கணக்கில் அப்படியே தெரியும். பிடிப்பு கூடியிருக்கிறதா, ரத்தம் நின்றதா என்பதைக் கம்பி வைத்து அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளப்பது என்றதும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடுங்கச் சொன்ன நாளில், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் விட்டு, மூன்று, நான்கு, எட்டு என்று உதவியாளரிடம் எண் சொன்னார்களா? 28 பல் இருந்தால் 168 எண். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓபிஜி என்ற முழு வாய் எக்ஸ்ரே எடுத்து, திரையில் காட்டி, கரைந்த இடத்தைச் சுட்டி, முடிவு சொல்லியிருப்பார்கள். குழிக்கு எத்தனை சுவர் என்று ஓபிஜியில் தெரியாது. அது எந்தப் பல்லைக் காப்பாற்றலாம் என்று சொல்லும் படமே அல்ல.

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமான எலும்புக் குழி உள்ள பற்களுக்கு மறு உருவாக்க அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. அதுவும் எடுத்த எடுப்பில் அல்ல. முதலில் துலக்கும் பழக்கம், சர்க்கரை, புகை. பிறகு ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம். சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை பொறுத்து மறுபடி அளப்பு. அந்த அளப்பில் பல பாக்கெட்டுகள் கத்தியே படாமல் சுருங்கியிருக்கும், சில ஆட்டங்களும் குறைந்திருக்கும். மிஞ்சியவற்றுக்குத்தான் அறுவை சிகிச்சை. முதல் நாளிலேயே பிடுங்கச் சொல்பவர் இந்தப் படிகளில் ஒன்றில்கூடக் காலெடுத்து வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்தும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கட்டும். கொறடு அதே தட்டில்தான் இருக்கும், இம்ப்ளான்ட் கம்பெனியும் ஊரை விட்டு ஓடிவிடாது.